தெறி

சேகோ ஆலையின் பின்சுவர்தான்
எங்கள் தையற்கூடத்துக்கு முன்சுவர்.
காற்று திரும்பினால்
புளித்த மாவு வாடை வந்து
வெட்டி வைத்த துணிமேல் உட்காரும்.
பதினோரு மிஷின், பன்னிரண்டு பெண்கள்.
மிஷின் கிடைக்காத ஒருத்தி
தரையில் அமர்ந்து காஜா எடுப்பாள்.

தொண்டு நிறுவனம் கொடுத்த தாளில்
பயனாளி 1, பயனாளி 2 என்று இருந்தது.
நான் பேர் கேட்டு எழுதிக்கொண்டேன்.
வதனி. சுகிர்தா. மரிய ஜெசிந்தா.
முகாமிலேயே பிறந்த நிரோஜினி,
கடலைப் பார்த்ததில்லை,
மேட்டூர் அணையைப் பார்த்திருக்கிறாள்,
அதுவும் தண்ணீர் இல்லாத வருஷத்தில்.

முதல் நாள் சட்டை என்றேன்,
அவர்கள் கவுனை நினைத்தார்கள்.
பாக்கெட் என்றேன். "சேப்போ?"
பட்டன் என்றதும் வதனி தலை தூக்கினாள்:
"தெறியோ அக்கா?"

எங்கள் பக்கம்
தெறிப்பது வாணலியில் கடுகு,
கல்குவாரியில் சில்லு,
வெடிச்சத்தம் கேட்ட ஆட்டுக்குட்டிகள்.
தெறித்துப் போவதையே பேராக வைத்து
அதை ஊசியால் குத்தி உட்காரவைப்பது
எனக்குப் புதிது.
நானும் தெறி என்றே சொல்லத் தொடங்கி
செவ்வாய்ப்பேட்டைக் கடையில்
சிரிப்பு வாங்கினேன்.

வைகாசியில் ஏற்காட்டுப் பள்ளி ஆர்டர்.
இளநீலம், அரைக்கை, இருநூற்று நாற்பது.
சட்டைக்கு ஏழு தெறி.
பதினான்கு குரோஸ் வாங்கிப் போட்டேன்,
சிந்தும், உடையும் என்று கொஞ்சம் கூடவே.

வேன் மலையேறுவதற்கு முந்தின நாள்
முகாமில் கையெழுத்து நாள்.
அதிகாரி வந்து பேர் படிக்கும்போது ஆள் இருக்க வேண்டும்,
ஆள் இல்லாவிட்டால் பேர் இல்லை.
காலர் முடிந்தது, கை முடிந்தது,
தெறி மட்டும் பாக்கி.
மூட்டை கட்டி ஆட்டோவில் ஏற்றி
நானே முகாமுக்குக் கொண்டுபோனேன்.

வரிசையில் நின்றபடியே தைத்தார்கள்.
தோளில் நாலு சட்டை, இடுப்பில் ஒரு டப்பா.
"சுகிர்தா!" என்று படித்தபோது
அவள் பல்லிடுக்கில் நூல் இருந்தது.
"ம்" என்றாள்.
அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்,
என்ன நினைத்தாரோ, டிக் போட்டார்.
டியூப்லைட் இருமுறை போய்ப்போய் வந்தது.
இருட்டிலும் ஊசிகள் நிற்கவில்லை.

விடியலில் வேன் போனது.
நான் டப்பாவைக் கொட்டினேன்.

கொலுசுப் பட்டறையில் வளர்ந்தவள் நான்.
அங்கே பெருக்கின தூசிக்கும் எடை உண்டு,
வாசல் மிதியடியையும் உதறிவிட்டுத்தான் போவோம்.
முந்நூற்று முப்பத்தாறு இருக்க வேண்டும்.
இருந்தது தொண்ணூற்றாறு.
மறுபடி எண்ணினேன்.
அப்புறம் வேறு மாதிரி எண்ணினேன்:
யாருக்குப் பெண்குழந்தை,
யார் வீட்டில் கிழிந்த ஜாக்கெட்,
யாருடைய பை அன்று கனமாக இருந்தது.
மூன்று நாள்
அவர்கள் கையைப் பார்த்தே பாடம் நடத்தினேன்.
நிரோஜினி ஒரு தரம் கேட்டாள்,
"மேலுக்கு முடியலையா அக்கா?"

நாலாம் நாள் மலையிலிருந்து போன்.
பள்ளி ஸ்டோர்காரம்மா.
"ஒவ்வொரு சட்டையிலும்
உள்பக்கம், கீழ்மடிப்பில்
ஒரு பட்டன் கூட இருக்குதே,
நாங்க கேக்கவே இல்லையே,
பில்லில் சேர்ப்பீங்களோ?"

இல்லை என்றேன். போனை வைத்தேன்.
யார் வேலை என்று கேட்டதும்
பெடலை நிறுத்தாமல் வதனி சொன்னாள்:
"விளையாடேக்க தெறி அறுந்தா
மலையில எங்க போய்த் தேடுறது?
பிள்ளை வெறும் நூலோட நிக்கும்.
கையோட ஒண்டு இருக்கட்டும் எண்டு..."
மற்றவர்கள் தலை நிமிரவில்லை.
அது பேச வேண்டிய விஷயமாகவே
அவர்களுக்குத் தோன்றவில்லை.

காற்று திரும்பியது.
ஜன்னலைச் சாத்த எழுந்து போனேன்,
சாத்தவும் கொஞ்சம் நேரமானது.

நான் எண்ணியதை இன்றுவரை சொல்லவில்லை.
அடுத்த ஆர்டர் நோட்டில்
சட்டைக்கு எட்டு
என்று எழுதினேன்.